நண்டை ஏன் அளக்கிறார்கள்?

ஜெயபுரத்தில் இருப்பவருக்கு நண்டுக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஊரைச் சுற்றி வயலும் காடும்தான், கடல் கண்ணில் படுவதில்லை. ஆனால் மேற்கே போனால் கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா என்று கரையோர ஊர்கள், அப்பால் இரணைதீவு. அங்கே வள்ளம் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். வலையில் நண்டு கழற்றக் கூலிக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நண்டுச் சதை பிரிக்கும் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கும் மகளோ மருமகளோ இருக்கலாம். பூநகரிக் கரையில் நண்டு குறைந்தால் அந்தக் குறைவு ஏ-32 வீதியால் உங்கள் ஊருக்கும் வந்து சேரும்.

இறங்குதுறையில் ஒருவர் அளவுகோலோடு குந்தி இருந்து, நண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதுவதை நீங்கள் கண்டிருந்தால், இவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை விட, உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், எந்த நண்டு? நமது கரையில் வலைக்குப் படுவதில் பெரும்பகுதி நீலக்கால் நண்டு. ஆணின் கால் நீலமாக இருக்கும், பெண் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். கண்டல் ஓரத்துச் சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டு வேறு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. நீலக்கால் நண்டின் சதைதான் வேகவைத்துப் பிரித்து, தகரத்தில் அடைத்து வெளிநாடுகளுக்குப் போகிறது.

இந்த நண்டு எவ்வளவு காலம் வாழும்? அதிகம் போனால் இரண்டு மூன்று வருடம். வெப்பக் கடலில் ஒரு வயதுக்குள்ளேயே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பெண் நண்டு ஒருமுறை இடும் முட்டை பல இலட்சம். ஒரே இணைசேர்க்கையில் கிடைத்த விந்தை உடலில் சேமித்து வைத்து, அடுத்தடுத்துப் பல தடவை முட்டையிடவும் அதற்கு முடியும். முட்டையில் இருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சில கிழமைகள் நீரோட்டத்தோடு மிதந்து திரிந்த பிறகுதான் ஆழம் குறைந்த இடத்தில், சாதாளை (கடலடியில் வளரும் புல்) படர்ந்த தரையில் வந்து குடியேறும். வழியில் மிகப் பெரும்பாலானவை மீனுக்கு இரையாகும். பல இலட்சத்தில் வலைக்கு வரும் அளவுக்கு வளர்வது விரல்விட்டு எண்ணத்தக்க சிலதான்.

இவ்வளவு வேகமாகப் பெருகும் உயிர் எப்படிக் குறையும் என்ற சந்தேகம் இங்கே வரும். வேகமாகப் பெருகுகிறது என்பதால்தான் ஓரளவு பிடிக்கலாம். வாழ்நாள் குறைவு என்பதில் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு பருவத்தில் பெண் நண்டுகளில் பெரும்பகுதியை முட்டையிடுமுன் பிடித்துவிட்டால், அடுத்த வருடத்துக்குப் பழைய இருப்பு என்று ஒன்று இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும் மீனில் ஒரு கெட்ட வருடத்தை மூத்த மீன்கள் தாங்கிக்கொள்ளும். நண்டுக்கு அந்த வசதி இல்லை.

சரி, அளப்பவர் என்ன அளக்கிறார்? நண்டின் ஓட்டு அகலம். இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முள்ளின் நுனியில் இருந்து மறு முள்ளின் நுனி வரை. பிறகு நண்டை மல்லாத்துவார். வயிற்றில் மடிந்திருக்கும் மூடி ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். முக்கோணமாக இறுகி ஒட்டியிருந்தால் இன்னும் பருவத்துக்கு வராத பெண். அகன்று, அரைவட்டமாக, விரலால் தூக்க எழும்பினால் அது முட்டையிடத் தயாரான பெண். மூடிக்கு வெளியே முட்டை தள்ளிக்கொண்டிருந்தால் சினை நண்டு. அதன் நிறத்தையும் எழுதுவார். மஞ்சளோ செம்மஞ்சளோ என்றால் இட்டுச் சில நாள்தான் ஆகிறது. பழுப்பாகிக் கறுப்புக்கு வந்திருந்தால் முட்டைக்குள்ளே குஞ்சின் கண் உருவாகிவிட்டது, ஓரிரு நாளில் பொரிக்கும். இதை நீங்களும் பார்த்த உடனே சொல்லலாம், படிப்பு வேண்டாம்.

வயதைக் கேட்காமல் ஏன் அகலத்தை அளக்க வேண்டும்? மீனின் தலைக்குள்ளே ஒரு சிறு கல் இருக்கிறது, அதில் உள்ள வளையத்தை எண்ணி வயது சொல்லலாம். நண்டு வளரும்போதெல்லாம் பழைய ஓட்டை அப்படியே கழற்றிப் போட்டுவிடுகிறது. வயதைக் காட்டும் எந்த அடையாளமும் அதனோடு மிஞ்சுவதில்லை. ஆகவே அகலத்தை வைத்துத்தான் வயதை ஊகிக்க முடியும். ஒரு நண்டை அளந்து பயனில்லை, ஆயிரக்கணக்கில், மாதா மாதம், பல துறைகளில் அளக்க வேண்டும். அந்த மனிதர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

“நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறேன், எனக்குத் தெரியாததா?” நியாயமான கேள்வி. எந்தக் காற்றில் எந்த இடத்தில் நண்டு நிற்கும், நீர் கலங்கினால் எங்கே நகரும் என்பதை உங்களை விட எந்த விஞ்ஞானியும் அறியார். ஆனால் ஒரு வள்ளக்காரருக்குத் தெரிவது தன் வலைக்குப் பட்டது மட்டும். போன வருடம் 20 துண்டு வலை விட்டு 20 கிலோ எடுத்தீர்கள், இந்த வருடம் 40 துண்டு விட்டு அதே 20 கிலோ எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்த காசு ஒன்றுதான், எதுவும் குறையவில்லை என்று தோன்றும். உண்மையில் ஒரு துண்டுக்குக் கிடைத்த நண்டு பாதியாகிவிட்டது. எல்லாரும் வலையைக் கூட்டிக்கொண்டே போகும்போது கடலின் குறைவு மொத்தப் பிடியில் மறைந்து நிற்கும். ஒருநாள் வலையைக் கூட்டியும் பலனில்லாத நிலை வரும்போது காலம் கடந்திருக்கும். கணக்கு எழுதுவது இந்தக் குறைவை முன்கூட்டியே காட்டத்தான்.

அளந்ததில் இருந்து என்ன முடிவு கிடைக்கும்? ஆராய்ச்சியாளர்கள் இப்போது அதிகம் பயன்படுத்துவது முட்டையிடும் வாய்ப்பு விகிதம் (யாருமே பிடிக்காத கடலில் ஒரு பெண் நண்டு தன் வாழ்நாளில் இடக்கூடிய முட்டையில், இன்றைய தொழிலுக்கு நடுவே எத்தனை பங்கை இட முடிகிறது என்ற கணக்கு). அறுவடையில் எவ்வளவை விதைநெல்லாக ஒதுக்கினோம் என்று கமக்காரர் பார்ப்பதைப் போன்றதுதான் இது. பொதுவாக இந்தப் பங்கு நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருந்தால் தொழில் நிலைக்கும் என்று கொள்கிறார்கள். 20-க்குக் கீழே போனால் பிறப்பது பிடிபடுவதை ஈடுசெய்யாது.

பெரிய கப்பலோ கருவியோ இல்லாமல் இதைக் கணக்கிடலாம் என்பதுதான் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இதில் உள்ள வசதி. பருவத்துக்கு வரும் அகலம் எது, பிடிபடும் நண்டுகள் எந்த எந்த அகலத்தில் எத்தனை, நண்டு எவ்வளவு பெரிதாக வளரக்கூடும், எந்த வேகத்தில் வளர்ந்து சாகும் என்ற நான்கு விடயம் போதும். வலைக்குப் பட்டதெல்லாம் அப்போதுதான் பருவத்துக்கு வந்த சின்ன நண்டாக இருந்தால், பெரிதாகுமுன்னே பிடித்துத் தீர்க்கிறோம் என்று பொருள். அகன்ற, மூத்த நண்டுகளும் தாராளமாகக் கலந்திருந்தால், பல நண்டு தப்பிப் பிழைத்து முட்டையிட்டிருக்கிறது என்று பொருள்.

நமது கடலில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் 2013-இல் நீலக்கால் நண்டுக்கென்று ஒரு கடற்றொழில் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பாக்கு விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் அதற்குள் வந்தன. அதையொட்டித் துறைகளில் எடுத்த அளவுகளை வைத்து ஜெரமி பிரின்ஸ், ஸ்டீவ் கிரீச் முதலானோர் இலங்கையையும் இந்தோனேசியாவையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இலங்கையின் நிலை இந்தோனேசியாவை விட நன்றாக இருந்தது. காரணத்தைக் கவனியுங்கள். நமது கரையில் அடிக்கடலில் பாய்ச்சும் நண்டு வலையின் கண் பெரியது. பருவத்துக்கு வராத நண்டு பெரும்பாலும் அதில் மாட்டாமல் போய்விடுகிறது. இந்தோனேசியாவில் ஆழம் குறைந்த இடங்களில் கூடு வைத்தும் வேறு வகையிலும் சின்ன நண்டைப் பெருமளவு பிடித்துவிடுகிறார்கள். 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த நண்டைப் பிடிக்கக்கூடாது என்று அந்த நாட்டு அரசு 2015-இல் விதி போட்ட பிறகும் அதை நடைமுறைப்படுத்தத் திண்டாடுகிறது.

இதில் எனக்குப் படும் முக்கியமான விடயம் ஒன்று உண்டு. நமது நண்டைக் காப்பாற்றி வைத்திருந்தது வலைப்பாட்டிலும் நாச்சிக்குடாவிலும் தொழில் செய்கிறவர்கள் வழக்கமாகப் பாவித்த பெரிய கண் வலைதான். ஆராய்ச்சி வந்து அதைக் கண்டுபிடிக்கவில்லை, அது ஏன் வேலை செய்கிறது என்பதை எண்ணிக்கையில் காட்டியது. அந்த வழக்கத்தைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அதே எண்ணிக்கை சொல்கிறது.

அப்படியானால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலாவது வலைக் கண். நண்டு சிறுத்துவிட்டது என்று கண்ணைச் சிறிதாக்கினால் அந்தப் பருவத்தில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அடுத்த பருவத்துக்கு முட்டையிட வேண்டிய நண்டைத்தான் எடுத்திருப்பீர்கள். புது வலை வாங்கும்போது உங்கள் சங்கத்தில் பேசி எல்லாரும் ஒரே அளவுக் கண்ணை வாங்குவது நல்லது. ஒருவர் மட்டும் பெரிய கண்ணில் நின்று மற்றவர் சின்னக் கண்ணுக்குப் போனால் நேர்மையாக நடந்தவருக்குத்தான் நட்டம். தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை இலங்கையில் 2006 முதல் தடை. மலிவு என்று அதை வாங்குகிறவர், பிடிபட்டால் வலையையும் இழந்து வழக்கையும் சுமக்க வேண்டி வரும்.

அடுத்தது இடம். கரையோரச் சாதாளைத் தரைதான் குஞ்சு நண்டின் வீடு. அங்கே வலை விட்டால் நண்டு கிடைக்கும்தான், ஆனால் பெரும்பாலும் சின்னன். அத்தோடு வலையைத் தூக்கும்போது சாதாளை வேரோடு வரும். ஆழத்துக்குப் போக எண்ணெய்ச் செலவு கூட என்பது உண்மையான கஷ்டம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிடைப்பது சின்ன நண்டென்றால் வியாபாரியின் விலையும் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பிரித்தெடுக்கும் சதை சின்ன நண்டில் குறைவு, தொழிற்சாலை அதற்குத் தகுந்த விலைதான் கொடுக்கும்.

சினை நண்டு வலைக்குப் பட்டால் என்ன செய்வது? உயிரோடு இருந்தால் திரும்பக் கடலில் விடுவதே நல்லது. கால் முறியாமல் கழற்ற முடிந்தால் அது பிழைக்கும். முட்டையைச் சுரண்டிவிட்டு நண்டைக் கொடுப்பது எல்லா வகையிலும் கெட்டது, முட்டையும் போய் நண்டும் போகிறது. ஆனால் சினை நண்டை மட்டும் விட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கிழமை முட்டையிட இருந்த பெண் நண்டை இன்று பிடிப்பதும், முட்டையோடு இருப்பதைப் பிடிப்பதும் கடலுக்கு ஒரே நட்டம்தான். முட்டை வெளியே தெரிவதால் ஒன்றுக்கு இரங்குகிறோம், மற்றதைக் கூடைக்குள் போடுகிறோம். ஆகவே சின்னதைப் பிடிக்காமல் விடுவதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். அது இரண்டையும் காக்கும்.

சினை நண்டைத் தொட்டியில் விட்டுப் பொரிக்க வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தாய்லாந்தில் பல கரையோர ஊர்கள் இதைச் செய்கின்றன. நண்டு வங்கி என்று பெயர். பிடித்தவர் சினை நண்டைச் சங்கத்தின் தொட்டியில் விடுவார். பொரித்த பிறகு குஞ்சைக் கடலில் விட்டுவிட்டுத் தாய் நண்டை விற்பார்கள். பிடித்தவருக்கும் காசு, கடலுக்கும் குஞ்சு. நல்ல ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் காட்டிப் பழக்கவும் உதவும். ஆனால் அந்தக் குஞ்சுகளில் வளர்ந்து வருவது மிகச் சிலவே என்பதை மறக்க வேண்டாம். தொட்டி இருக்கிறது என்ற துணிவில் வலைக் கண்ணைச் சிறிதாக்கினால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

கடலில் தொலைந்த வலையும் இதில் சேரும். நைலோன் உக்காது. அறுந்து அடியில் கிடக்கும் வலை யாருக்கும் பயனில்லாமல் மாதக்கணக்காக நண்டைக் கொன்றுகொண்டே இருக்கும். செத்த நண்டை நாடி இன்னொரு நண்டு வந்து மாட்டும். வலை தொலைந்த இடத்தைச் சங்கத்தில் சொல்லி, இரண்டு மூன்று வள்ளம் சேர்ந்து தேடி எடுப்பது வெறும் நன்மைக்காக அல்ல, உங்கள் பிடிக்காகவே.

“இதெல்லாம் எங்கேயாவது உண்மையில் பலித்திருக்கிறதா?” பலித்திருக்கிறது. கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் அட்டமுடிக் காயல் என்ற களப்பு இருக்கிறது. அங்கே ஆழம் குறைந்த நீரில் முங்கியும் வாரியும் மட்டி அள்ளுகிறார்கள். 1981-இல் ஏற்றுமதி தொடங்கியதும் அள்ளுவது வேகமெடுத்தது. 1991-இல் ஏறக்குறைய 10,000 தொன் எடுத்தார்கள், 1993-இல் அது பாதியாகச் சரிந்தது. இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மட்டி எப்போது முட்டையிடுகிறது, எந்த அளவில் பருவத்துக்கு வருகிறது என்று ஆராய்ந்து சொன்னது. அதை வைத்து டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அள்ளுவதை நிறுத்தினார்கள். வலைக் கண் 30 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்றார்கள். ஒரு கிலோவுக்கு 1,400 சதைக்கு மேல் ஏறும் பொடி மட்டியை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றும் கட்டுப்பாடு வந்தது. பிடி மீண்டும் பழைய அளவுக்கு ஏறியது. 2014 நவம்பரில் உலகக் கடற்பராமரிப்புச் சபையின் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்றிதழ் பெற்ற முதலாவது தொழில் அதுதான்.

அட்டமுடியில் நான் கவனிப்பது அந்த மூன்றாவது கட்டுப்பாட்டை. வலையைச் சோதிக்க ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஆள் அனுப்ப முடியாது. வாங்குகிற இடத்தில் பொடியை வாங்காமல் விட்டால் அள்ளுகிறவர் தானாகவே நிறுத்துவார். நமது கரையிலும் நண்டு போகும் வாசல் சிலதான், வியாபாரியும் தொழிற்சாலையும். சின்ன நண்டை வாங்குவதில்லை என்று அவர்கள் சேர்ந்து முடிவெடுத்து அதைக் கடைப்பிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். பழி முழுவதையும் வள்ளக்காரர் தலையில் போடுவது சரியில்லை.

ஆராய்ச்சி இருந்தால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஷார்க் பே என்ற விரிகுடாவின் நீல நண்டுத் தொழில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. 2010-11 கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, பிறந்த குஞ்சு தங்கவில்லை. 2012-இல் பிடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. சூட்டை எந்த விதியாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் குஞ்சு குறைந்ததை அளவுகள் காட்டியதால் மிச்சமிருந்த தாய் நண்டைப் பிடிக்காமல் விட்டார்கள். அடுத்த வருடமே ஓரளவு பிடிக்கத் தொடங்க முடிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. மன்னார் முத்துச்சிப்பிப் பார்களை ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902-இல் இங்கிலாந்தில் இருந்து வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணை. அருமையான ஆராய்ச்சி, ஐந்து தொகுதி அறிக்கை. அடுத்த சில வருடம் முத்துக்குளிப்பும் அமோகம். அதைக் கண்டு 1906-இல் ஒரு கம்பனி 20 வருடக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சில வருடங்களில் சிப்பி இல்லாமல் போய்க் கம்பனியும் கலைந்தது. நல்ல வருடத்தின் பிடியைப் பார்த்து எதிர்காலத்துக்குக் கணக்குப் போடக்கூடாது என்பதை மன்னார்க் கடல் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டது.

இனி, உங்கள் மனதில் இருக்கும் பெரிய கேள்விக்கு வருவோம். நாங்கள் சின்ன நண்டை விட்டுவிட, றோலர் (இழுவைப் படகு) வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போனால்? கிழமையில் மூன்று இரவு இந்திய இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவதும், பாய்ச்சிய நண்டு வலையை அறுத்துப் போவதும் இந்தக் கரை முழுக்கத் தெரிந்த துயரம். இழுவை மடி தரையை உழுது சாதாளையையும் குஞ்சு நண்டையும் சேர்த்து வாரிவிடுகிறது. இலங்கைப் பாராளுமன்றம் 2017-இல் சட்டத்தைத் திருத்தி இழுவை மடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. அந்தத் தடை கடலில் நடைமுறையாகாத வரை, சின்னத் தொழிலாளியிடம் மட்டும் கட்டுப்பாட்டைக் கேட்பது அநீதி. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அளவெடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் ஒரு துண்டு வலைக்குக் கிடைத்த நண்டையும், மற்ற நாட்களில் கிடைத்ததையும் நீங்கள் எழுதி வைத்திருந்தால், றோலரால் வந்த நட்டத்தை எண்ணிக்கையில் காட்டலாம். அறுந்த வலையின் கணக்கும் அப்படித்தான். பேச்சுவார்த்தை மேசையில் கண்ணீரை விட எழுதிய கணக்குக்குத்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

எங்கள் கணக்கைக் கொடுத்தால் அதை வைத்தே எங்களுக்குத் தடை போட மாட்டார்களா? இந்தப் பயம் பலருக்கு உண்டு, அதில் பிழையில்லை. கணக்கு இல்லாவிட்டாலும் தடை வரலாம், அப்போது அது எங்கோ இருந்து எழுதியதாக இருக்கும். 1996-ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம், ஒரு பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து, தொழிலாளரும் உறுப்பினராக உள்ள குழுவை அமைக்க இடம் கொடுக்கிறது. அந்தக் குழுவில் உங்கள் துறையின் கணக்கோடு உட்கார்ந்தால், மூடும் காலம் எப்போது, எந்த இடம் என்பதைப் பற்றிப் பேச உங்களுக்கு வலு இருக்கும். சங்குக்குக் குறைந்தது 70 மில்லிமீற்றர் விட்டம் என்ற விதியும், சிங்கி இறாலுக்குச் சினைத் தடையும் மூடும் மாதங்களும் இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. நண்டுக்கு வரும் கட்டுப்பாடு கரையில் இருப்பவரைக் கேட்டு வர வேண்டும்.

விலையிலும் இதற்குத் தொடர்பு உண்டு. வெளிநாட்டில் வாங்குகிறவர் இப்போது இந்த நண்டு எங்கே, எந்த வலையில், எப்படிப் பிடிபட்டது என்று கேட்கிறார். அமெரிக்கா ஒரு படி மேலே போய், கடலில் வாழும் பாலூட்டிகள் வலையில் மாட்டிச் சாவதைத் தடுக்க ஏற்பாடில்லாத தொழில்களின் கடலுணவை இறக்குமதி செய்வதற்குத் தடை என்று விதி வகுத்து, 2026 ஜனவரி 1-ஐ நடைமுறை நாளாக வைத்தது. பாக்கு விரிகுடாவில் கடற்பசு (ஆவுளியா) இன்னும் இருக்கிறது. அதற்காகவே தமிழ்நாடு 2022-இல் 448 சதுர கிலோமீற்றர்க் காப்பிடத்தை அறிவித்தது. கடற்பசுவோ ஓங்கிலோ உங்கள் வலைக்குப் பட்டால், பட்ட நாளையும் இடத்தையும் விட்டுவிட்டதையும் எழுதி வையுங்கள். ஒரு வருடமாக எதுவும் படவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாத தொழிலின் நண்டு அமெரிக்க வாசலில் நின்றுவிடலாம். நின்றால் முதலில் வேலை போவது சதை பிரிக்கும் பெண்களுக்கு.

அந்தப் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு நாளில் உங்கள் கையில் போகும் நண்டுகளை இறங்குதுறையில் அளப்பவர் ஒரு மாதத்திலும் காண மாட்டார். இந்த மாதம் நண்டு சிறுத்துவிட்டது, சினை கூடியிருக்கிறது என்பதை முதலில் உணர்வது நீங்கள்தான். கூடைக்கு எத்தனை நண்டு ஏறுகிறது என்பதை மட்டும் நாள்தோறும் எழுதினாலே அது நல்ல ஆராய்ச்சி. ஒரே நிறையுள்ள கூடையில் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் நண்டு சிறுத்துக்கொண்டு போகிறது.

வள்ளக்காரர் எதை எழுத வேண்டும்? நீண்ட படிவம் வேண்டாம். திகதி, வலை விட்ட இடம், எத்தனை துண்டு, எத்தனை மணி நேரம் கிடந்தது, எத்தனை கிலோ நண்டு, அதில் சினை எத்தனை. பிள்ளையின் பழைய கொப்பி போதும். கிழமைக்கு ஒரு நாளாவது பத்துப் பதினைந்து நண்டை, தெரிந்தெடுக்காமல், கைக்கு வந்தபடி அளந்து எழுதினால் இன்னும் நல்லது. பெரியதை மட்டும் பார்த்து எடுத்து அளந்தால் கணக்கு பொய்யாகும்.

அளந்துகொண்டு போனவர்கள் திரும்பி வருவதில்லையே என்ற குறையையும் கேட்கிறேன். இந்தக் குறை நியாயமானது. தேசிய நீரியல் வள ஆராய்ச்சி முகவரகமான நாரா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறை, ஏற்றுமதிக்காரர் அமர்த்திய ஆய்வாளர் என்று யார் வந்தாலும், உங்கள் துறையில் அளக்க அனுமதிக்குமுன் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒரு நிபந்தனை வைக்கலாம். முடிவைத் தமிழில், ஒரே தாளில், சங்கக் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும். அந்தத் தாளில் நான்கு எண்ணாவது இருக்க வேண்டும். இந்தத் துறையில் பிடிபட்ட பெண் நண்டின் சராசரி அகலம், அதில் பருவத்துக்கு வராதது நூற்றுக்கு எத்தனை, சினை எந்த மாதம் அதிகம், ஒரு துண்டு வலைக்கான பிடி போன வருடத்தை விடக் கூடியதா குறைந்ததா. அதைப் பெரிய எழுத்தில் எழுதி நண்டு நிறுக்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.